பாங்காக் போகிறீர்களா? "அரண்மனை இன்று மூடியிருக்கிறது" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்

38,000 பாத். நம் பணத்தில் கிட்டத்தட்ட ஒரு லட்சம் ரூபாய். பாங்காக்கில் அந்த விலைக்கு வாங்கிய நீலக்கல்லை நேற்று மாலை திருச்சியில் காட்டி விலை கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். தனியாகப் பாங்காக் போகிறவர்கள் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். என்னென்ன கவனிக்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன்.

காலையில் சாத்தோர்ன் படகுத்துறையில் ஆரஞ்சுக் கொடிப் படகு ஏறி, தா சாங் துறையில் இறங்கினேன். அங்கிருந்து கிராண்ட் பேலஸ் அரண்மனை வாசல் நடக்கிற தூரம்தான். வெள்ளை மதிலை ஒட்டி நடந்துகொண்டிருந்தபோது ஒருவர் எதிரே வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. "இன்று காலை அரச குடும்பத்துச் சடங்கு, வெளிநாட்டுக்காரர்களை மதியம் ஒரு மணிக்கு மேல்தான் விடுவார்கள்" என்றார் ஆங்கிலத்தில். பள்ளி ஆசிரியராம். அவர் கையில் விற்பதற்கு ஒன்றும் இல்லை, என்னிடம் எதையும் கேட்கவும் இல்லை.

எந்த ஊர் என்று கேட்டார். தமிழ்நாடு என்றதும் முகம் மலர்ந்தது. "சீலோம் சாலையில் உங்கள் மாரியம்மன் கோயில் இருக்கிறதே, போனீர்களா? என் அம்மா அங்கே மாலை சாத்துவார்" என்று கைகூப்பிக் காட்டினார். அது 19ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய தமிழர்கள் கட்டிய கோயில். இன்றைக்கு நம்மவர்களைவிடத் தாய்லாந்துக்காரர்கள்தான் அங்கே அதிகம் கும்பிடுகிறார்கள், அதனால் அவர் சொன்னதில் பொருந்தாதது எதுவும் இல்லை. சமயபுரத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவள் நான். ஆள் தெரியாத ஊரில் ஒருவர் மாரியம்மன் பெயரைச் சொல்லிக் கைகூப்பினால் மனசு என்ன செய்யும்? அவரோடு பேசிக்கொண்டே நின்றேன். அம்மன் பெயரைத் தூண்டிலாகப் போட்டிருக்கிறான் படுபாவி.

என் வரைபடத்தை வாங்கி, மதியம் வரை பார்க்கலாம் என்று சில இடங்களை வட்டமிட்டான். 32 மீட்டர் உயர நின்ற கோலப் புத்தர் இருக்கும் வாட் இந்தரவிஹான், இன்னொரு சின்னக் கோயில், நடுவில் "அரசு ஏற்றுமதி மையம்". இந்த வாரம் மட்டும் அங்கே வரி கிடையாதாம். ஒரு டுக் டுக்கைக் கைதட்டி நிறுத்தி, "இது அரசு வண்டி, எல்லா இடத்துக்கும் சேர்த்து 40 பாத், அதற்கு மேல் கொடுக்காதே" என்றான். எனக்காகப் பேரம் பேசிக் கொடுக்கிறான் என்றுதானே யாருக்கும் தோன்றும்?

நின்ற புத்தர் நிஜமாகவே பிரமாண்டம், அதில் பொய் இல்லை. அப்புறம் அந்தச் சின்னக் கோயில். உள்ளே ஒரே ஒருவர், செருப்பைக் கழற்றிவிட்டு மண்டியிட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். எழுந்து வந்து மெதுவாகப் பேச்சுக் கொடுத்தார். வக்கீல் என்றார். வருஷா வருஷம் இந்த வாரத்தில் நீலக்கல் வாங்குவாராம், லண்டனில் இரட்டிப்பு விலைக்கு விற்பாராம். எங்கே வாங்குவீர்கள் என்று நான்தான் கேட்டேன். அவர் சொன்னது வரைபடத்தில் வட்டமிட்டிருந்த அதே இடம். வண்டிக்காரனும் போகிற வழியில் அதையேதான் சொன்னான். தெருவில் ஒருவன், கோயிலில் ஒருவன், வண்டியில் ஒருவன். ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள் ஒரே விஷயத்தைச் சொன்னால் அது உண்மையாகத்தானே இருக்கும்? இந்த ஏமாற்று முழுவதும் அந்த நினைப்பின் மேல் கட்டியது. இது பல வருஷமாக இதே வசனங்களோடு நடக்கிறது என்று இப்போது தெரிகிறது.

கடையின் பெயரை எழுதவில்லை. நகைக்கடை, கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், போனதும் குளிர்பானம். கண்ணாடி அறைக்குள் ஆட்கள் கல் பட்டை தீட்டிக்கொண்டிருந்தார்கள். விற்பனைக்கு நின்ற பெண் மேடம், மேடம் என்று உருகினாள். காஞ்சனபுரி நீலம், சான்றிதழ் உண்டு, பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம் என்று அச்சடித்த தாள். பதக்கமும் தோடும் சேர்த்து 38,000 பாத். கார்டைத் தேய்த்து முடித்ததும், "கையில் கொண்டு போனால் தொலைந்துவிடும், நாங்களே உங்கள் வீட்டுக்கு அனுப்புகிறோம்" என்று என் கண்முன்னே பார்சலை ஒட்டினாள். அது எவ்வளவு பெரிய தந்திரம் என்று மறுநாள்தான் தெரிந்தது.

அன்று இரவு விடுதி வரவேற்பில் இருந்த தங்கையிடம் அரண்மனை மூடியிருந்ததைச் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. "அக்கா, இன்று முழுக்கத் திறந்துதான் இருந்தது." காலை 8.30க்குத் திறந்து மாலை 3.30 வரை டிக்கெட் கொடுத்திருக்கிறார்கள். வெளியில் யார் சொல்வதையும் நம்பாதீர்கள் என்று வாசலில் எச்சரிக்கைப் பலகையே வைத்திருக்கிறார்களாம். அதனால்தான் வாசலுக்கு வருவதற்கு முன்பே மதிலோரத்தில் மறிக்கிறார்கள்.

மறுநாள் கடை திறக்கும் நேரத்துக்குப் போய் நின்றேன். உருகிய பெண் என்னைப் பார்த்ததே இல்லை என்பதுபோல் நடந்துகொண்டாள். பார்சல் போய்விட்டது, பொருள் இல்லாமல் பணம் தர முடியாது. மேனேஜர்? வெளியூர். எப்போது வருவார்? தெரியாது. விடுதித் தங்கை போன் போட்டுத் தாய்லாந்து மொழியில் அவர்களைக் கிழித்தாள். அதன் பிறகுதான் "பொருளை நேரில் கொண்டு வந்தால் 70 சதவீதம் தருவோம்" என்றார்கள். பொருள் வந்து சேரும் நாளில் நான் திருச்சியில் இருப்பேன் என்று அவர்களுக்குத் தெரியாதா? புகார் கொடுத்த இடத்தில் எழுதி வாங்கிக்கொண்டு, "நீங்கள் சம்மதித்துத்தானே வாங்கினீர்கள்" என்றார்கள். கார்டு கொடுத்த வங்கியிலும் அதே பாட்டு: ரகசிய எண் போட்டது நீங்கள்தான் மேடம். கடைக்கு அனுப்பிய மின்னஞ்சல்களுக்குப் பதிலே இல்லை. 38,000 பாத்துக்கு ஒரு வரி பதில் எழுத ஆளில்லை. மாரியம்மன் கோயிலுக்குப் போக வேண்டும் என்று ஊரிலிருந்தே நினைத்துக்கொண்டு போனேன். அதற்குக்கூட மனசில்லாமல் திரும்பி வந்தேன்.

பார்சல் வந்தது. எங்கள் தெருவில் கல் பட்டை தீட்டுகிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். லென்ஸை வைத்துப் பார்த்தார். "கல் பொய் இல்லம்மா, நீலம்தான். சூடு போட்டு நிறம் ஏற்றியது, உள்ளே கீறல் இருக்கிறது. கட்டியதோடு சேர்த்து எட்டாயிரத்துக்கு மேல் போகாது" என்றார். பாத் இல்லை, ரூபாய். அவர்கள் தப்பிப்பதே இதில்தான். சான்றிதழ் இது நீலக்கல் என்று சொல்கிறது, அது உண்மை. விலை என்ன என்று அதில் எங்கேயும் இல்லை. போலிக் கல் கொடுத்திருந்தால் வழக்காவது போடலாம். உண்மையான மட்டக் கல்லைப் பல மடங்கு விலைக்கு விற்றால், கேட்கிற இடமெல்லாம் "வியாபாரத் தகராறு" என்று கைகழுவுகிறார்கள்.

எச்சரிக்கைகளை விரிவாக எழுத நினைத்தேன், மனசு ஓடவில்லை. அரண்மனை மூடியிருக்கிறது என்று தெருவில் யார் சொன்னாலும் நிற்காமல் டிக்கெட் ஜன்னல் வரை போங்கள், 500 பாத் டிக்கெட் அங்கேதான். ஊர் சுற்றிக் காட்ட 40 பாத் கேட்கிற டுக் டுக்கில் ஏறாதீர்கள், மீதியைக் கடைக்காரன் கொடுப்பான். வெளிநாட்டில் கல்லே வாங்காதீர்கள், வாங்கியதைத் தபாலில் அனுப்ப விடவே விடாதீர்கள். சுற்றுலாக் காவல்துறை எண் 1155, அன்றைக்கே கூப்பிடுங்கள்.

வங்கிக்கு மறுபடி எழுதியிருக்கிறேன், விடப்போவதில்லை. அங்கே இப்படி ஏமாந்து, கார்டு பணத்தைத் திரும்ப வாங்கியவர்கள் யாராவது இருந்தால் எப்படி என்று சொல்லுங்கள்.