பவர் கண்ணாடிக்குப் பக்கத் தடுப்பு: சைடு ஷீல்டா, ஓவர் கிளாஸா, பவர் போட்ட சேஃப்டி கண்ணாடியா?

“எனக்குத்தான் கண்ணாடி இருக்கே, இன்னொண்ணு எதுக்கு?” பவர் கண்ணாடி போட்டவர்கள் கிரைண்டரைக் கையில் எடுக்கும்போது சொல்லும் பதில் இதுதான். லேத் பட்டறை, வெல்டிங் கடை, தச்சு வேலை, தோட்டத்தில் புல்வெட்டும் மெஷின், வீட்டுச் சுவரில் டிரில் போடுவது என எங்கே போனாலும் இதே பேச்சு. நேர் எதிரே வருவதை அந்தக் கண்ணாடி ஓரளவு தடுக்கும் என்பது உண்மை. ஆனால் தெறிப்பவை நேர் எதிரே மட்டும் வருவதில்லை. பக்கத்து மேசையில் இன்னொருவர் ஆங்கிள் இரும்பு வெட்டிக்கொண்டிருந்தால், பொறி உங்கள் காதுப் பக்கமாக வந்து கன்னத்தில் பட்டு உள்ளே திரும்பும்.

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை 1980-ல் வெளியிட்ட கண் காய ஆய்வு ஒன்று இன்றும் பாதுகாப்புப் பயிற்சிகளில் எடுத்துச் சொல்லப்படுகிறது. கண்ணுக்கு ஏதோ ஒரு பாதுகாப்பு அணிந்திருந்தும் காயம்பட்டவர்களில் 94 சதவீதம் பேருக்கு, பட்ட பொருள் லென்ஸைச் சுற்றியோ அதன் அடியிலோ புகுந்திருந்தது. அவர்களில் அதிகம் பேர் அணிந்திருந்தது பக்கத் தடுப்பு இல்லாத கண்ணாடி. ஆகவே பக்கத்தை அடைத்தே ஆக வேண்டும். எதை வைத்து அடைப்பது என்பதில்தான் தேர்வு இருக்கிறது, பலர் தவறுவதும் அங்கேதான்.

மாட்டிக் கழற்றும் சைடு ஷீல்டு

கண்ணாடி போலத் தெளிவான பிளாஸ்டிக்கில் ஒரு சிறு தகடு. அதிலுள்ள துளைகள் வழியாகக் காதில் மாட்டும் கண்ணாடிக் காலை நுழைத்து, ஃபிரேமின் முன்பக்கத்தை ஒட்டும்வரை தள்ளினால் வேலை முடிந்தது. விலை மிகக் குறைவு. எடை இருப்பதே தெரியாது. உங்கள் பவர், உங்கள் ஃபிரேம், மூக்கில் அது உட்காரும் இடம் எதுவும் மாறாது. தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே லென்ஸில் பவர் உள்ள புரோகிரஸிவ் லென்ஸ் போடுகிறவர்களுக்கு இது பெரிய நிம்மதி. அந்த லென்ஸில் எந்த இடம் வழியாக எதைப் பார்ப்பது என்று பழகவே நாளாகும், இன்னொரு கண்ணாடிக்கு மாறினால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆனால் எல்லாக் கண்ணாடிக்கும் ஒரே ஷீல்டு பொருந்தாது. மெல்லிய கம்பிக் காலுக்கு ஒரு அளவு, பட்டையான பிளாஸ்டிக் காலுக்கு வேறு அளவு. இப்போது எல்லோரும் விரும்பி வாங்கும் தடித்த ஃபிரேம்களின் கால்கள் பல ஷீல்டுகளில் நுழையவே நுழையாது. மெல்லிய காலில் பெரிய துளை ஷீல்டை மாட்டினாலோ அது மெல்ல மெல்லக் காதுப் பக்கம் நழுவிவிடும், முன்னால் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி திறந்துகொள்ளும். போட்டிருக்கிறோம் என்ற தைரியம் மட்டும் மிஞ்சும். கடையிலேயே மாட்டிப் பாருங்கள். தலையைக் குனிந்து நாலு தடவை உதறுங்கள். ஷீல்டின் முன் விளிம்பு ஃபிரேமை விட்டு விலகினால் அந்த அளவு உங்களுக்கு ஆகாது.

மேலும் கீழும் என்ன ஆகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். அன்றாடக் கண்ணாடிக்கும் புருவத்துக்கும் நடுவே, லென்ஸுக்கும் கன்னத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைப் பெரும்பாலான சைடு ஷீல்டுகள் தொடுவதே இல்லை. தலைக்கு மேலே கூரையில் துளை போடுகிறவருக்குத் தூசி புருவத்தின் வழியாகத்தான் இறங்கும். அங்கே பக்கத்தை மட்டும் அடைத்துப் பயனில்லை.

இவற்றையெல்லாம் சரிபார்த்து வாங்கினாலும் பெரிய கேள்வி ஒன்று மிச்சமிருக்கிறது. சைடு ஷீல்டின் பெரிய குறை ஷீல்டில் இல்லை, அதற்கு முன்னால் இருக்கும் லென்ஸில் இருக்கிறது.

முன்னால் என்ன லென்ஸ்?

நாலு இஞ்ச் ஆங்கிள் கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும். 100 மில்லிமீட்டர் வட்டின் விளிம்பு அந்த வேகத்தில் நொடிக்கு 57 மீட்டர் ஓடும். மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல். வட்டு உடைந்தால் துண்டு கிளம்பும் வேகமும் ஏறக்குறைய அதுதான். அரை மீட்டர் தள்ளி இருக்கும் முகத்தை அது நூறில் ஒரு நொடியில் எட்டிவிடும். இமை மூடப் பத்தில் ஒரு நொடியாவது வேண்டும்.

அமெரிக்காவின் ‘இசட்87.1’ தரம், வலுவான தாக்குதலைத் தாங்கும் கண்ணாடிக்கு வைத்திருக்கும் சோதனையைப் பாருங்கள். 6.35 மில்லிமீட்டர் எஃகுக் குண்டை நொடிக்கு 45.7 மீட்டர் வேகத்தில் அதன்மேல் சுடுகிறார்கள். இதிலும் தேறினால்தான் ‘இசட்87+’ என்ற குறி கிடைக்கும். ஐரோப்பாவில் நெடுங்காலம் நடப்பில் இருந்த ‘இஎன் 166’ தரத்தில் ‘எஃப்’ குறிக்கான சோதனையும் கிட்டத்தட்ட இதேதான், நொடிக்கு 45 மீட்டர். அன்றாடக் கண்ணாடி லென்ஸுக்கு அமெரிக்காவில் கேட்கப்படுவது, சுமார் 16 கிராம் எஃகுக் குண்டு 127 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் உடையக் கூடாது என்பது. விழும் குண்டின் வேகம் நொடிக்கு ஐந்து மீட்டர்தான். கணக்குப் போட்டால் முதல் சோதனையின் தாக்கும் ஆற்றல் இரண்டாவதைப் போல ஐந்து மடங்கு, அதுவும் சின்னஞ்சிறு இடத்தில் குவிந்து விழுகிறது.

கண்ணாடிக் கடையில் வேறெதுவும் கேட்காமல் வாங்கினால் பெரும்பாலும் கிடைப்பது சிஆர்-39 வகை பிளாஸ்டிக் லென்ஸ். ‘ஃபைபர்’ என்று சொல்லித் தருவார்கள். படிக்க, வண்டி ஓட்ட அருமையான லென்ஸ். ஆனால் பலமான அடி விழுந்தால் கூரான துண்டுகளாக உடையக்கூடியது. பாலிகார்பனேட் என்ற வலுவான பிளாஸ்டிக்கில் செய்த லென்ஸ் அப்படி எளிதில் உடையாது. லென்ஸ் தாங்கினாலும் ஃபிரேம் கைவிடலாம். அன்றாட ஃபிரேம்கள் லென்ஸை அடிக்கு எதிராக இறுகப் பிடிக்கும்படி செய்யப்பட்டவை அல்ல, அடி விழுந்தால் லென்ஸ் கழன்று கண் பக்கமே போகலாம். கீழே நைலான் நூலில் தொங்கும் அரை ஃபிரேமும் விளிம்பே இல்லாத ஃபிரேமும் இதில் மிக மோசம்.

சிறு பொறிகள் எந்த லென்ஸையும் உடைக்காது, அது சரிதான். பயப்பட வேண்டியது வேறு சிலவற்றுக்கு: உடைந்த வட்டின் துண்டு, ஒயர் பிரஷ்ஷில் கழன்று பறக்கும் கம்பி, புல்வெட்டும் மெஷின் எறியும் கல், தலை மழுங்கிப் பிதுங்கிய உளியைச் சுத்தியலால் அடிக்கும்போது தெறிக்கும் சில்லு. கடைசியில் சொன்ன சில்லு கண்ணின் மேற்பரப்பில் நிற்காமல் உள்ளேயே புகுந்துவிடக்கூடியது. வலி பெரிதாக இல்லாததால் சிலர் ஆஸ்பத்திரிக்குப் போவதையே தள்ளிப்போடுகிறார்கள், பார்வை மங்கிய பிறகுதான் தெரியவருகிறது. இப்படிப்பட்ட வேலைகளில் அன்றாடக் கண்ணாடியில் சைடு ஷீல்டு மாட்டிக்கொண்டு நிற்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டு வாசற்கதவுக்குத் திரை மட்டும் போட்ட கதை அது.

இதனால் சைடு ஷீல்டே வீண் என்று ஆகிவிடாது. அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு விதிகள் மாட்டிக் கழற்றும் ஷீல்டை வெளிப்படையாகவே ஏற்கின்றன. ஷீல்டு தரத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும், அது மாட்டியிருக்கும் ஃபிரேமும் லென்ஸும் தரம் தேறியவையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பவர் போட்ட சேஃப்டி ஃபிரேமில் ‘இசட்87-2’ என்று பொறித்திருக்கும். உங்கள் ஃபிரேமில் அது இருந்து, லென்ஸும் தரம் தேறியதாக இருந்தால், ஷீல்டை நம்பி மாட்டலாம்.

ஓவர் கிளாஸ்: மேலே இன்னொன்று

பவர் கண்ணாடியைக் கழற்றாமல் அதன்மேல் போட்டுக்கொள்ளும் அகலமான பாலிகார்பனேட் கண்ணாடி இது. தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்குக் கொடுப்பார்களே, அதேதான். முன்பக்கமும் பக்கமும் ஒரே துண்டாக வளைந்து வருவதால் லென்ஸ் பற்றிய கவலையும் பக்கம் பற்றிய கவலையும் ஒன்றாகத் தீர்ந்துவிடும். பல மாடல்களில் புருவத்துக்கு மேலேயும் ஒரு விளிம்பு வரும். தரக் குறியோடு சில நூறு ரூபாய்க்குள் வாங்கிவிடலாம். காசுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு என்று பார்த்தால் இதை வெல்ல ஆள் இல்லை.

தொல்லையும் உண்டு. நம் ஊர் வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, இரண்டு அடுக்குக் கண்ணாடிக்கு நடுவே வியர்வை ஆவி படிந்து புகை மூட்டம் போலாகிவிடும். உள்ளே இருக்கும் பவர் கண்ணாடியைத் துடைக்க வெளிக் கண்ணாடியைக் கழற்ற வேண்டும், கழற்றிய கை திரும்ப மாட்டாமலே வேலையைத் தொடங்கிவிடும். பனிபடியாத பூச்சு உள்ளதை வாங்கினால் ஓரளவு தாங்கும். காதுக்குப் பின்னால் இரண்டு ஜோடிக் கால்கள் அழுத்துவது மதியத்துக்குள் வலிக்க ஆரம்பிக்கும். அகலமான ஃபிரேம் உள்ளே அடங்காது. கீறல் விழுந்த ஓவர் கிளாஸ் வழியாகப் பவர் கண்ணாடியில் பார்ப்பது இன்னும் சிரமம். இவ்வளவும் அரை மணி நேர வேலைக்குப் பொறுத்துக்கொள்ளக்கூடியவை. எட்டு மணி நேரத்துக்கு முடியாது.

பவர் போட்ட சேஃப்டி கண்ணாடி

நாள் முழுக்க லேத்திலும் கிரைண்டிங்கிலும் நிற்கிறவருக்கு என் பரிந்துரை இதுதான், தயக்கமே இல்லை. ஒரே கண்ணாடி. உங்கள் பவர் அதிலேயே இருக்கும். பக்கத் தடுப்பு ஃபிரேமோடு நிலையாகப் பொருத்தியிருப்பதால் தொலையாது, நழுவாது. தடுப்பைவிட முக்கியம் ஒன்று உண்டு: கழற்ற ஒரு காரணமும் இருக்காது. பார்க்க வேண்டுமென்றால் போட்டே ஆக வேண்டும்.

விலை அதிகம்தான். பவர் மாறினால் லென்ஸையும் மாற்ற வேண்டும். லென்ஸ் தேர்விலும் கொஞ்சம் கவனம் தேவை. பாலிகார்பனேட் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துச் சிதறவிடும் இயல்பு உள்ளது. இந்தச் சிதறல் எவ்வளவு குறைவு என்று காட்டும் ‘அபே’ எண் அதற்குச் சுமார் 30, சிஆர்-39-க்கு 58. சின்னப் பவரில் யாருக்கும் தெரியாது. மைனஸ் ஐந்து, ஆறு என்று போனால் லென்ஸின் ஓரம் வழியாகப் பார்க்கும்போது வெர்னியர் அளவுகோலின் கோடுகளின் விளிம்பில் நிறம் கசிவது சிலருக்குத் தெரியும். அவர்கள் டிரைவெக்ஸ் லென்ஸ் கேட்கலாம். அடி தாங்கும், ‘அபே’ எண்ணும் 43-க்கு மேல். விலை இன்னும் கூடும். பெரிய பவர் உள்ளவர்கள் முகத்தைச் சுற்றி வளையும் ஸ்போர்ட்ஸ் ஃபிரேமைத் தவிர்ப்பது நல்லது. அந்த வளைவில் பார்வை கோணலாகும். தட்டையான ஃபிரேமும் தனிப் பக்கத் தடுப்பும் அவர்களுக்குச் சரி.

செலவு யாருடையது என்ற கேள்வி வரும். கண் பாதுகாப்பு தொழிலாளியின் சொந்தப் பொறுப்பு என்று விட்டுவிடக் கூடாது என்பது புதிய சிந்தனை இல்லை. 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 35-வது பிரிவே கண் பாதுகாப்புக்காக எழுதப்பட்டது, துகள் தெறிக்கும் வேலைகளில் தடுப்புத் திரையோ காகிள்ஸோ தர வேண்டும் என்று விதி செய்ய அது வழிவைத்தது. ஆனால் மின்சாரத்தில் இயங்கி, பத்துப் பேருக்கும் குறைவாக வேலை செய்யும் பட்டறைகள் பொதுவாக அந்தச் சட்டத்தின் வரையறைக்குள்ளேயே வந்ததில்லை. பவர் கண்ணாடி போட்ட ஃபிட்டர்கள் பலர் இருப்பது அங்கேதான். முதலாளிகள் மனது வைத்தால் ஒரு டிரில் மெஷின் விலைக்குள் சில பேரின் கண்ணைக் காக்கலாம்.

திரவமும் மாவுத் தூசியும் என்றால் பேச்சே வேறு

இன்வெர்ட்டர் பேட்டரியில் தண்ணீர் ஊற்றும்போது ஆசிட் தெறிக்கலாம். சுண்ணாம்பு நீற்றும்போதும் சிமென்ட் கலக்கும்போதும் தூளும் கரைசலும் அப்படித்தான் தெறிக்கும். சுண்ணாம்பு காரத்தன்மை உள்ளது, கண்ணில் பட்டால் உள்ளுக்குள் அரித்துக்கொண்டே போகும். இங்கே மேலே சொன்ன மூன்றுமே போதாது, சைடு ஷீல்டில் காற்றுக்காக விட்டிருக்கும் துளையே திரவத்துக்கு வழியாகும். முகத்தோடு ஒட்டி உட்காரும், மறைவான காற்றுவழி உள்ள காகிள்ஸ்தான் வேண்டும், பவர் கண்ணாடிக்கு மேலே போடும் அளவில் கிடைக்கிறது. முகம் முழுவதையும் மறைக்கும் ஃபேஸ் ஷீல்டு நல்ல துணை. ஆனால் அது மட்டும் போதாது, உள்ளே சேஃப்டி கண்ணாடியோ காகிள்ஸோ இருந்தாக வேண்டும்.

சைடு ஷீல்டு நன்றாகவே உதவும் இடம் பட்டறைக்கு வெளியே இருக்கிறது. கண் வறட்சி உள்ளவர்களுக்கு ஏசி காற்றும் ஃபேன் காற்றும் பக்கவாட்டில் புகுந்து கண்ணீரை உலர்த்திவிடும். பக்கத்தை மறைத்தால் ஈரம் நிற்கும். அங்கே லென்ஸ் எவ்வளவு அடி தாங்கும் என்ற கேள்வியே எழுவதில்லை, அன்றாடக் கண்ணாடியிலேயே மாட்டிக்கொள்ளலாம். கடைசல் நடக்கும் இடத்தைக் கடந்து மட்டும் போகிற ஸ்டோர் கீப்பருக்கோ கணக்குப் பிள்ளைக்கோ, பாலிகார்பனேட் லென்ஸும் முழு விளிம்பு ஃபிரேமும் இருந்தால் அதன்மேல் ஷீல்டு மாட்டிக்கொள்வது ஒன்றுமில்லாததைவிட எவ்வளவோ மேல். கம்பெனியே தரக் குறியுள்ள கண்ணாடி கேட்டால் வாசலில் ஓவர் கிளாஸ் எடுத்துக்கொள்ளட்டும்.

வீட்டில் எப்போதாவது டிரில்லோ கிரைண்டரோ எடுக்கிறவர்கள் ஓவர் கிளாஸ் ஒன்றை அந்த மெஷின் பெட்டிக்குள்ளேயே போட்டு வையுங்கள். ஒரு கண்ணில் மட்டுமே நல்ல பார்வை உள்ளவர்கள் எந்த வேலை செய்தாலும், செய்யாவிட்டாலும், அன்றாடக் கண்ணாடியையே பாலிகார்பனேட்டில் போட்டுக்கொள்வது அவசியம். ஐடிஐ-யில் படிக்கும் பிள்ளைகளுக்குப் பவர் அடிக்கடி மாறும் வயது. விலை உயர்ந்த பவர் சேஃப்டி கண்ணாடியை அவர்களுக்கு இப்போதே செய்ய வேண்டாம். நல்ல ஓவர் கிளாஸும் பனிபடியாமல் துடைக்கும் துணியும் வாங்கிக் கொடுங்கள், பவர் நிலைத்து வேலைக்குப் போகும்போது மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம்.