டி.என்.பி. ஆர்த்தோ செய்முறைத் தேர்வுப் பயிற்சி: 48,000 ரூபாய் வாங்கிக்கொண்டு கைவிட்டார்கள்

எலும்பு மூட்டு அறுவை சிகிச்சையில் டி.என்.பி. (தேசியத் தேர்வு வாரியம் வழங்கும் மருத்துவ முதுநிலைத் தகுதி) இறுதித் தேர்வுக்குப் படிப்பவர்கள், எந்த இணையப் பயிற்சித் தளத்துக்கும் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். அப்படியொரு தளத்துக்கு நான் 48,000 ரூபாய் கட்டியும், வாக்களித்த மாதிரிச் செய்முறைத் தேர்வுகளில் ஒன்றைக்கூட அவர்கள் நடத்தவில்லை. பணத்தைத் திருப்பித் தர இயலாது என்று இன்று காலை ஒற்றை வரியில் பதில் வந்திருக்கிறது.

எழுத்துத் தேர்வின் நான்கு தாள்களை, 400க்கு 200 மதிப்பெண் என்ற கணக்கில், புத்தகத்தோடு மல்லுக்கட்டியே கடந்துவிடலாம். செய்முறைத் தேர்வில் நோயாளியைப் பரிசோதித்து, சொல்லும் ஒவ்வொரு முடிவுக்கும் தேர்வாளர்களிடம் காரணம் சொல்லியாக வேண்டும். விபத்துக் காயங்களே பெரும்பாலும் வரும் மருத்துவமனையில் பயில்பவர்களுக்கு, இடுப்பு மூட்டுக் காசநோயோ குழந்தைகளின் கிளப்ஃபூட்டோ (பிறவியிலேயே பாதம் உள்நோக்கித் திரும்பியிருக்கும் குறைபாடு) கண்ணில் படுவதே அரிது. அந்தத் தவிப்பைத்தான் காசாக்கினார்கள்.

அவர்களுடைய இலவச வகுப்பில் மூத்த பேராசிரியர் ஒருவர், இடுப்பு மூட்டு முழுதாக நீட்ட முடியாமல் மடங்கியே நிற்கும் குறைபாட்டை அளக்கும் தாமஸ் சோதனையைச் செய்து காட்டினார். நோயாளியின் இடுப்பு முதுகுக்கு அடியில் உள்ளங்கையை நுழைத்து, நோயில்லாத காலை மெல்ல மடக்கிக்கொண்டே வந்து, முதுகின் வளைவு மறைந்து கையில் அழுத்தம் தெரிந்ததும் நிறுத்தி, அதற்கு மேல் மடக்கினால் இடுப்பெலும்பு சாய்ந்து குறைபாட்டைக் கூட்டிக் காட்டிவிடும் என்று பொறுமையாக விளக்கினார். இவரிடம் படித்தால் கரையேறிவிடலாம் என்று நம்பி அன்றிரவே முழுத் தொகையையும் கட்டினேன்.

அந்தப் பேராசிரியர் அதன்பின் திரையில் வரவே இல்லை. கிடைத்தவை பழைய காணொளிகளும் ஒரு மாதிரி விடைத் தொகுப்பும்தான். அதில் கிளப்ஃபூட்டின் தீவிரத்தை எண்ணால் அளக்கும் பிரானி மதிப்பீட்டின் உச்சம் 10 என்றிருந்தது. ஆறு அறிகுறிகள், ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 1, ஆக மொத்தம் 6 என்பது அடிப்படைப் பாடம். தேர்வு அறையில் பத்து என்று சொல்பவரின் கதி என்ன ஆகும்? சுட்டிக்காட்டியதற்கு, "குழுவிடம் தெரிவிக்கிறோம், டாக்டர்" என்றார்கள். மாதிரித் தேர்வைக் கேட்டபோது தேர்வாளர் வெளியூரில் இருக்கிறார் என்றார்கள், பிறகு ஆள் சேரவில்லை என்றார்கள், கடைசியில் வாட்ஸ்அப் குழுவிலிருந்தே நீக்கிவிட்டார்கள். காணொளியைத் திறந்து பார்த்துவிட்டதால் 48,000 ரூபாயும் செலவாகிவிட்டதாம்!

முழுத் தொகையையும் ஒரே தவணையில் கட்டாதீர்கள். மாதிரித் தேர்வின் தேதியையும் தேர்வாளர் பெயரையும் எழுத்தில் வாங்குங்கள். விளம்பரத்தையும் உரையாடல்களையும் உடனே படமெடுத்து வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். 48,000 ரூபாயையும் வாங்காமல் விடப்போவதில்லை. இதேபோல் பணம் கட்டி ஏமாந்தவர்கள் ரசீதுடன் வாருங்கள், சேர்ந்தே வழக்குத் தொடுப்போம்.