ஃபைட்டர் குஞ்சுக்கு முதல் தீனி: ஆர்ட்டீமியாவா, மைக்ரோ வார்மா?

நுரைக்கூடு கட்டுறது, முட்டைய வாயில கவ்வி நுரைக்குள்ள வைக்கிறது, கீழ விழுற குஞ்ச திரும்ப மேல ஏத்துறது, இது எல்லாத்தையும் ஆண் ஃபைட்டர் மீனே (பெட்டான்னும் சொல்வாங்க) பாத்துக்கும். நாம பெண்ண ரொம்ப கிழிபடாம வெளிய எடுத்தா போதும். நமக்கு பரீட்சையே அதுக்கப்புறம்தான். சென்னை சூட்டுல முட்டை ஒண்ணரை நாள்ல, மிஞ்சிப்போனா ரெண்டு நாள்ல பொரிஞ்சிடும், அப்புறம் ரெண்டு மூணு நாளைக்கு குஞ்சு வயித்துல இருக்குற மஞ்சக்கருவ வெச்சே கூட்டுக்கடியில தொங்கிட்டு கிடக்கும். என்னிக்கு வால் கீழ தொங்காம படுக்கவாட்டுல நீந்த ஆரம்பிக்குதோ அன்னிக்கே ஆண எடுத்துடணும், தீனியும் ரெடியா இருக்கணும். பவுடரெல்லாம் வேலைக்கு ஆகாது, அசையுறதத்தான் அது சாப்பாடுன்னே நினைக்கும்.

வேகவெச்ச முட்டை மஞ்சக்கருவ கரைச்சு விடுங்கன்னு சொல்ற ஆளுங்க இன்னும் இருக்காங்க. என் முதல் பேட்ச் அப்படித்தான் போச்சு. ராத்திரி ரெண்டு சொட்டு விட்டேன், காலைல தண்ணி பால் மாதிரி, மூடிய தொறந்தா ஒரே வாடை, நூத்துக்கு மேல இருந்த குஞ்சுல தேறுனது பதினொண்ணு. அதோட அந்த சேப்டர் க்ளோஸ்.

முதல் மூணு நாலு நாளைக்கு இன்ஃபுசோரியா, அதாவது தண்ணில வளர்ற ரொம்ப பொடி உயிருங்க, இருந்தா நல்லது, ஏன்னா சில குஞ்சு ரொம்ப பொடிசா இருக்கும், பெரிய தீனி வாய்க்குள்ள போகாது. பழைய தொட்டித் தண்ணில முட்டைகோஸ் இலை இல்லன்னா வாழப்பழத் தோல் கொஞ்சம் போட்டு வெளிச்சத்துல வெச்சா முதல்ல கலங்கி நாறும், நாலஞ்சு நாள்ல மறுபடி தெளியும், தெளிஞ்சதும் எடுக்கலாம். ஆனா இத மட்டும் நம்பி ஒரு வாரத்துக்கு மேல ஓட்டுனா குஞ்சு வளராம அப்படியே நிக்கும்.

உண்மையான போட்டி மைக்ரோ வார்ம்ங்கிற பொடிப் புழுவுக்கும், முட்டைய உப்புத்தண்ணில போட்டு பொரிக்கவெக்கிற ஆர்ட்டீமியாங்கிற பொடி இறால் வகைக்கும்தான்.

மைக்ரோ வார்ம் வளக்குறது ரொம்ப ஈஸி. ஓட்ஸ களி மாதிரி கிண்டி ஆறவெச்சு, ஒரு சிட்டிகை ஈஸ்ட், யார்கிட்டயாவது வாங்குன கல்ச்சர் (புழு ஏற்கெனவே இருக்குற களி) ஒரு ஸ்பூன், மூடில ஓட்ட. அவ்ளோதான். ஒரு வாரத்துல டப்பா சுவரெல்லாம் நெளிஞ்சு நெளிஞ்சு ஏறும், விரலால வழிச்சு தண்ணில அலசி விட வேண்டியதுதான். செலவே இல்ல. வாசனை புளிச்ச தோசை மாவு மாதிரி இருக்கும், எங்க வீட்ல மாவு டப்பா பக்கத்துல வெச்சு ஒரு தடவ வாங்கிக் கட்டிக்கிட்டேன், அத விடுங்க. குறை என்னன்னா, விட்ட கொஞ்ச நேரத்துல அடில போய் விழுந்துடும், ஃபைட்டர் குஞ்சு முதல் வாரம் பெரும்பாலும் மேல்தண்ணிலதான் சுத்தும். திங்காம விட்டது அடில செத்து தண்ணிய கெடுக்கும். இத மட்டுமே போட்டா அடித்துடுப்பு இல்லாம வளரும்னு ஒரு பேச்சும் ரொம்ப நாளா இருக்கு, எல்லாரும் ஒத்துக்கல, ஆனா என் ரெண்டாவது பேட்ச்ல ஏழெட்டுக்கு இல்லாமதான் வந்துச்சு. அப்புறம் மே மாச வெயில்ல கல்ச்சர் தண்ணியா உருகி மொத்தமா போயிடும், எப்பவும் ரெண்டு டப்பா வெச்சிருக்கணும்.

ஆர்ட்டீமியா வேல வாங்கும், காசும் வாங்கும். கொளத்தூர் பக்கம் வளர்ப்பு மீன் கடைங்கள்ல இதோட காஞ்ச முட்டை டப்பாவாவும் கிடைக்கும், பிரிச்சு சின்ன பாக்கெட்டாவும் கிடைக்கும். பாக்கெட் வாங்குனா எத்தன நாள் திறந்து கிடந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது, ஈரம் பட்ட முட்டை பாதிகூட பொரியாது. ஒரு லிட்டர் தண்ணிக்கு 25 கிராம் உப்பு, ஆப்பசோடா ஒரு சிட்டிகை, அடிலேந்து நல்லா காத்து, மேல லைட்டு. 28 டிகிரில ஒரு நாள்ல பொரிஞ்சிடும், அதனால நம்ம ஊர்ல ஹீட்டரே வேணாம், மார்கழில மட்டும் கொஞ்சம் லேட்டாகும். காத்த நிறுத்தி பத்து நிமிஷம் விட்டா வெத்து ஓடு மேல மிதக்கும், பொரியாதது அடில தங்கும், ஓரத்துல டார்ச் காட்டுனா ஆரஞ்சு கலர்ல மேகம் மாதிரி ஒண்ணா கூடும், ட்யூப்ல உறிஞ்சி பழைய வேட்டித் துணில வடிகட்டி நல்ல தண்ணில அலசி விடணும். ஓடு உள்ள போனா குஞ்சு வயிறு அடைச்சுக்கும், அங்க சோம்பேறித்தனம் கூடாது. பொரிஞ்ச சில மணி நேரத்துலயே குடுத்துடணும், தன் மஞ்சக்கருவ அதுவே கரைச்சு தீர்த்துட்டா சத்து இருக்காது.

இவ்ளோ பாடுக்கும் பலன் அஞ்சே நிமிஷத்துல தெரியும். கண்ணாடி மாதிரி இருக்குற குஞ்சோட வயிறு ஆரஞ்சு பொட்டு வெச்ச மாதிரி உப்பிடும், யார் சாப்ட்டுச்சு யார் சாப்டலன்னு எண்ணியே பாக்கலாம். ஒரே வயசு குஞ்ச ரெண்டு டப்பால பிரிச்சு மூணு வாரம் வளத்து பாத்தேன், ஆர்ட்டீமியா பக்கம் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு பெருசு.

வினிகர்ல வாழுற பொடிப் புழுவான வினிகர் ஈல்ங்கிறது ரெண்டுக்கும் நடுவுல. ஆப்பிள் வினிகர்ல ஆப்பிள் துண்டு போட்டு விட்டா மாசக்கணக்குல தானா கிடக்கும், அடில விழாம நடுத்தண்ணிலயே நாள் கணக்குல உயிரோட நீந்தும். ஆனா அந்த புளிப்புலேந்து பிரிச்செடுக்குறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும், எனக்கு பொறும இல்ல.

இப்ப நான் பண்றது, முதல் மூணு நாள் இன்ஃபுசோரியா, நாலாவது நாள்லேந்து காலைல சாயங்காலம் ஆர்ட்டீமியா, ரெண்டு பாட்டில் 12 மணி நேர இடைவெளில மாத்தி மாத்தி ஓடும். கரண்ட் போய் ஏர் பம்ப் நின்னு பாட்டில் பொரியாத அன்னிக்கு மட்டும் மைக்ரோ வார்ம். அந்த டப்பா இப்ப பால்கனி செருப்பு ஸ்டாண்டுல இருக்கு, கிச்சனுக்குள்ள அதுக்கு இன்னும் அனுமதி வரல.