ஆறு ஆண்டுகளாக ஹைட்ராலிக் ஜார்: அடி விழும்வரை காத்திருத்தல்

துளைக்குள் சிக்கிய குழாயை அடித்து விடுவிக்க, குழாயோடு இணைத்து இறக்கும் ஜார் என்ற கருவியில் மெக்கானிக்கல் ஜார் நல்லதா, ஹைட்ராலிக் ஜார் நல்லதா என்று, எண்ணெய்க் கிணறு துளைக்கும் வேறொரு ரிக்கில் டிரில்லராக இருக்கும் நண்பர் சென்ற வாரம் கேட்டார். காவிரிப் படுகையின் 8.5 அங்குலத் துளைகளில் 6.5 அங்குல ஹைட்ராலிக் ஜாரை ஆறு ஆண்டுகளாக இறக்கி வருகிறேன். எங்கள் ஜார் பழுது நீங்கித் திரும்பி வந்தபின் பட்ட பாடு இன்னும் ஆறாத நிலையில் இதை எழுதுகிறேன்.

முதலில் ஹைட்ராலிக் ஜாருக்குரிய நியாயம். மெக்கானிக்கல் ஜார் எந்த இழுவையில் பிடி விட வேண்டும் என்பது பெரும்பாலும் பட்டறையிலேயே முடிவாகிவிடுகிறது. சாய்கிணற்றில் நாம் இழுப்பதில் பெரும்பகுதியைத் துளைச் சுவரின் உராய்வே தின்றுவிடுவதால், அந்த இழுவை ஜாரைச் சென்று சேராமலே போகலாம். ஹைட்ராலிக் ஜாரோ, குழாயின் எடைக்கு மேல் 10 டன் கூட்டி இழுத்தால் மெல்லவும், 30 டன் கூட்டி இழுத்தால் பலமாகவும் அடிக்கும். களிப்பாறையில் சிக்கிய ஸ்ட்ரிங்கை (குழாய்த் தொடரை) ஒருமுறை அது பதினேழாவது முறை அடித்தபோது விடுவித்து, தொங்கும் எடையைக் காட்டும் வெயிட் இண்டிகேட்டர் முள் சட்டென்று இறங்கிக் குழாயின் சொந்த எடையில் வந்து நின்றபோது, ரிக் தளத்தில் இருந்த அத்தனை பேருக்கும் உயிர் வந்தது.

ஆனால் இழுத்தவுடன் அது அடிப்பதில்லை. உள்ளிருக்கும் எண்ணெய் நுண்ணிய வழியொன்றில் கசிந்து, மாண்ட்ரல் (உள்ளே நகரும் தண்டு) அகன்ற பகுதியை எட்டிய பிறகே சம்மட்டி அடைகல்லில் மோதும். எங்கள் ஜாரில் 30 டன்னுக்கு ஏறக்குறைய ஒரு நிமிடமாக இருந்த இந்தத் தாமதம், சீல்கள் மாற்றி வந்தபின் நான்கு நிமிடமாகிவிட்டது. உடன் வந்த சோதனைத் தாளில் தாங்கும் எடை இருந்ததே தவிர, தாமதம் குறிக்கப்படவில்லை. அது தெரியாமல், பம்பு அழுத்தம் மாண்ட்ரலை வெளியே தள்ளியதால் ஜார் அடுத்த அடிக்குத் தயாராக மடங்கவில்லை போலும் என்று எண்ணி, மூன்றாம் நிமிடத்தில் நானே எடையை இறக்கிவிட்டேன். அதுவரை காத்திருந்தது அவ்வளவும் வீண். இப்படி ஆறு முறை. மட் கேக்கில் (துளைச் சுவரில் படியும் சேற்றுப் படலத்தில்) ஒட்டிய குழாய் அசையாமல் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் இன்னும் இறுகும் என்பதை அறிந்தவனுக்கு அந்தக் காத்திருப்பு எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பின்னர், முப்பது நாற்பது முறை அடிப்பதற்குள் எண்ணெய் சூடேறி இளகியதும் நிலைமை தலைகீழாகி, வேண்டிய இழுவையை நான் எட்டும் முன்பே ஜார் வலுவின்றி அடித்துவிட, அதைச் சற்று ஆறவிட வேண்டியதாயிற்று. மறுநாள் விடியற்காலையில்தான் குழாய் வந்தது.

நண்பரே, உங்கள் கிணறுகள் சாய்ந்தவை. ஆகவே ஹைட்ராலிக் ஜாரையே எடுங்கள், 30 டன்னில் எத்தனை வினாடித் தாமதம் என்பதை எழுத்தில் வாங்காமல் மட்டும் இறக்காதீர்கள். எங்கள் அடுத்த கிணற்றுக்கு நான் மெக்கானிக்கல் ஜார் கேட்டு எழுதிவிட்டேன்.