வெள்ளவத்தையில் தொண்டுப் பணியாளர்களுக்கான தற்கொலைத் தடுப்புப் பயிற்சி: ஒரு மதிப்பீடு

கொழும்பில் நிவாரணப் பணி செய்யும் சிறு அமைப்புகளின் பணியாளர்களுக்காக வெள்ளவத்தையில் தமிழில் நடத்தப்படும் ஒருநாள் பயிற்சிப் பட்டறையில் அண்மையில் கலந்துகொண்டேன். உலர் உணவுப் பொதி கொடுக்கப்போன வீட்டில் ஒருவர் "இனி இருந்து என்ன பயன்" என்று சொல்லிவிட்டால், நாம் என்ன செய்யக் கடமைப்பட்டிருக்கிறோம் என்பதே அதன் பொருள்.

காலை அமர்வு மிகச் சிறப்பாக இருந்தது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறதா என்று நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற அச்சம் நம்மவரிடம் ஆழமாக உள்ளது. ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை என்பதை விளக்கிய பயிற்றுநர், எங்களை இருவர் இருவராக அமர்த்தி அந்தக் கேள்வியை வாய்விட்டே கேட்க வைத்தார். கேட்டபின் பதிலுக்குக் காத்திருப்பதுதான் கடினம். அதற்குள் அறிவுரை முந்திக்கொண்டு வந்துவிடுகிறது.

இரகசியம் காப்பது பற்றிய பகுதியே என்னை அதிகம் சிந்திக்க வைத்தது. 1974 முதல் இயங்கும் இலங்கை சுமித்ரயோ போன்ற சேவைகளில், பேச விரும்புபவர் தாமாகவே தேடி வருகிறார். அவர் சொல்வதைத் தீர்ப்பளிக்காமல் செவிமடுத்து இரகசியம் காக்கிறார்கள். நிவாரணப் பணியாளரின் நிலை வேறு. அவர் அந்த வீட்டையும் பிள்ளைகளையும் அறிந்தவர் என்பதோடு, அவர் தரும் உதவியை அந்தக் குடும்பம் நம்பியும் இருக்கிறது. ஆகவே "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்க வேண்டாம், உயிருக்கு ஆபத்தென்றால் யாரிடம் சொல்வது என்பதை அவரோடு பேசியே முடிவுசெய்யுங்கள் என்ற வழிகாட்டலை முழுமனதோடு ஏற்கிறேன். நல்லெண்ணத்தில் தொடர்மாடி முழுவதற்கும் சொல்லிவைப்பது உதவியாகாது.

இலங்கையில் தற்கொலை வீதம் 1995இல் ஓர் இலட்சம் பேருக்கு 47 ஆக இருந்தது. கொடிய பூச்சிகொல்லிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்ட பின் அது பாதிக்கும் கீழே இறங்கியது. ஆபத்தான பொருள் கைக்கெட்டாதிருந்தால் அந்த நெருக்கடியான நேரத்தைக் கடந்து பலர் உயிர் வாழ்கிறார்கள் என்பதால், அதை அப்புறப்படுத்தி வைக்கும்படி வீட்டாரைக் கேட்பதைப் பணியாளர் அத்துமீறலாக எண்ணத் தேவையில்லை. பட்டறையில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு 1998இல் நீக்கப்பட்டதை ஒரே வசனத்தில் கடந்துவிட்டார்கள். பொலிஸ் வரும் என்ற பயத்தில் வாய்திறக்காத குடும்பங்கள் இன்னும் இருப்பதால், இதற்கு மேலும் நேரம் ஒதுக்கியிருக்க வேண்டும்.

பிற்பகல் ஏமாற்றமளித்தது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற உதவித் தொலைபேசி இலக்கத்தைப் பலகையில் எழுதியது சரியே. ஆனால் அழைப்பு எடுத்தபின் உதவி வந்து சேரும்வரை அவரருகே யார் இருப்பது, மறுநாள் யார் விசாரிப்பது என்ற கேள்விகளுக்குப் பதில் கிடைக்கவில்லை. இலக்கத்தைக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவதைக் கடமை நிறைவேறியதாக நான் கருதமாட்டேன். அதேவேளை, அந்தப் பாரம் முழுவதையும் இருபது வயதுத் தொண்டர் ஒருவரின் தலையில் வைப்பதும் அநீதி. இரவிலும் தொடர்புகொள்ளக்கூடிய மூத்த பணியாளர், தனியே அனுப்பாத நடைமுறை, கேட்டுவந்த துயரத்தை இறக்கிவைக்க ஓர் ஆள் ஆகியவை அமைப்பின் பொறுப்புகள். பட்டறையில் அவை பேசப்படவே இல்லை.

களத்துக்குச் செல்லும் எவரும் காலை அமர்வுக்காகவே இதில் கலந்துகொள்ளலாம். கட்டணம் இல்லை. முடிந்தால் உங்கள் அமைப்பின் முகாமையாளரையும் அழைத்துச் செல்லுங்கள். பிற்பகலில் எழும் கேள்விகளுக்கு அவரும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.