மஸில்லோடருக்கு ஸ்கோப் மவுண்ட்: ஒரே துண்டா, ரயிலா, தனித்தனி பேஸா?

குழலின் வாய்வழியாக வெடிமருந்தும் குண்டும் கிட்டித்துச் சுடும் மஸில்லோடர் ரைஃபிளுக்கு ஸ்கோப் மாட்ட நினைப்பவர்கள் ஸ்கோப்பைப் பற்றி மாதக்கணக்கில் படிக்கிறார்கள். ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிடித்து நிறுத்தும் மவுண்ட் என்று வரும்போது கடையில் எது கையில் கிடைக்கிறதோ அதை வாங்கி முடுக்கிவிடுகிறார்கள். முறைப்படி பார்த்தால் மவுண்டைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். ஸ்கோப்பின் குழாயைச் சுற்றிப் பிடிக்கும் முன் ரிங்குக்கும் பின் ரிங்குக்கும் இடையே 5 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒன்று அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு நகர்ந்தாலே 100 கஜத்தில் குண்டு முக்கால் அங்குலம் தள்ளி விழும். எவ்வளவு விலை உயர்ந்த கண்ணாடியாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

அமெரிக்காவில் மான் வேட்டைக்கு இன்று அதிகம் புழங்கும் .50 காலிபர் (குழல் விட்டம் அரை அங்குலம்) இன்லைன் ரைஃபிள்களை, அதாவது தீமூட்டி மருந்துக்கு நேர் பின்னால் இருக்கும் வகையை, வைத்தே இங்கே ஒப்பிடுகிறேன். சி.வி.ஏ. ஆப்டிமா, அக்யூரா, வுல்ஃப், தாம்ப்சன்/சென்டர் என்கோர், ட்ரெடிஷன்ஸ் பர்சூட் போன்றவை. இவை நடுவில் மடங்கித் திறக்கும் வகை. ரிங்குக்கு அடியில் உட்காரும் பேஸின் ஸ்க்ரூக்கள் பேரலிலேயே, அதாவது குழலிலேயே, இறங்குகின்றன என்பது இவற்றின் தனித்தன்மை. என்கோர் போல பேரல் மாற்றக்கூடிய துப்பாக்கியில் இது பெரிய வசதி. ஸ்கோப் அந்தந்த பேரலோடு போய்விடுவதால், கழற்றித் திரும்ப மாட்டினாலும் குறி பெரிதாக மாறாது.

முதலில் துளைகளைப் பாருங்கள். துளைகளுக்கு நடுவே உள்ள தூரம், மரையின் அளவு, பேரலின் மேல் வளைவு ஆகிய மூன்றும் பேஸோடு ஒத்துப்போக வேண்டும். மரையில் பொதுவாக 6-48, 8-40 என்று இரண்டு அளவுகள் உண்டு. முதலாவதன் விட்டம் 0.138 அங்குலம், இரண்டாவதன் விட்டம் 0.164 அங்குலம். ஒன்றுக்குப் பதில் மற்றது போகாது. துளைகள் பொருந்திவிட்டன என்பதால் மட்டும் பேஸ் பொருந்திவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. வளைவு வேறாக இருந்தால் பேஸ் இரண்டு ஓரங்களில் மட்டும் உட்காரும், அல்லது நடுவில் மட்டும் உட்கார்ந்து ஆடும். ஸ்க்ரூ போடாமல் பேஸை வெறுமனே வைத்து, நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பாருங்கள். துளி ஆட்டம் தெரிந்தாலும் அந்த பேஸ் அந்தத் துப்பாக்கிக்கு இல்லை. பெட்டியில் உங்கள் மாடலின் பெயரே அச்சிட்டிருக்க வேண்டும். "எல்லாவற்றுக்கும் பொருந்தும்" என்று எழுதியிருப்பதை நான் வாங்க மாட்டேன்.

ஸ்க்ரூவின் நீளமும் அதே அளவு முக்கியம். பேரலில் உள்ள இந்தத் துளைகள் மறுபக்கம் திறக்காதவை. அடியில் சற்று தூரத்தில் மருந்து எரியும் அறை இருக்கிறது. ஸ்க்ரூ கொஞ்சம் நீளமாக இருந்தால் துளையின் அடியை முட்டி நின்றுவிடும். ரெஞ்ச் கையில் நன்றாக இறுகியதாகத்தான் தெரியும், ஆனால் பேஸை அது பிடித்திருக்காது. பேஸ் இல்லாமல் ஸ்க்ரூவைக் கையால் கடைசிவரை திருகி, வெளியே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். பேஸின் துளையில் ஸ்க்ரூவின் தலை உட்காரும் இடத்துக்குக் கீழே எவ்வளவு கனமோ, அதைவிடக் குறைவாக வெளியே தெரிந்தால் சரி. நீளமான ஸ்க்ரூவுக்காகத் துளையை ஆழப்படுத்தும் யோசனையே வேண்டாம். அது உயிரோடு விளையாடுவது.

இனி மூன்று வகைகளுக்கு வருவோம்.

ரிங்கும் பேஸும் ஒரே வார்ப்பாக வருவது முதல் வகை. சி.வி.ஏ. தன் துப்பாக்கிகளுக்கென்றே விற்கும் டூராசைட் டெட்-ஆன் மவுண்டில் ரயில் என்ற நீளப் பட்டை, கீழ் ரிங் எல்லாம் ஒரே துண்டு. டாலியின் அலுமினிய மவுண்டில் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என இரண்டு துண்டுகள் இருக்கும், ஒவ்வொன்றிலும் பேஸும் ரிங்கும் சேர்ந்தே இருக்கும். இதன் பலம், ரிங்குக்கும் பேஸுக்கும் நடுவே தளர்வதற்கு மூட்டே இல்லாதது. எடையும் குறைவு. மஸில்லோடரில் இதற்கு மதிப்பு அதிகம். வெளியேறுவது 250 கிரெய்ன் (சுமார் 16 கிராம்) குண்டு மட்டும் இல்லை, 100 முதல் 150 கிரெய்ன் வரை போடும் மருந்தும் புகையும் கரியுமாக அதே வாய்வழியே பாய்கிறது. உதை அதனால் கூடுகிறது. ஒவ்வொரு மூட்டும் அந்த உதையைத் தாங்கியாக வேண்டும். குறை என்றால், ரிங்கை முன்னும் பின்னும் நகர்த்த முடியாது. ஸ்கோப்பின் குழாயில் நேரான பகுதி குட்டையாக இருந்தால், கண்ணுக்கு வேண்டிய தூரத்தில் ஸ்கோப்பை நிறுத்த முடியாமல் போகலாம். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் நடுவே மூன்றரை அங்குலமாவது இருக்க வேண்டும், நான்கு இருந்தால் நிம்மதி. புருவத்தில் பிறை வடிவில் வெட்டு வாங்கியவர்களைக் கேட்டால் காரணம் சொல்வார்கள்.

இரண்டாவது, குறுக்குப் பள்ளங்கள் வெட்டிய நீளமான ஒரே ரயில், அதன்மேல் தனி ரிங்குகள். இங்கே வீவர், பிக்காட்டினி என்று இரண்டு அளவுகள் உண்டு. பிக்காட்டினி என்பது 1995-இல் அமெரிக்க ராணுவம் வகுத்த அளவு. அதன் பள்ளங்கள் 0.206 அங்குல அகலம், இடைவெளியும் எங்கும் ஒரே சீர். வீவர் பள்ளம் 0.180 அங்குலம்தான், இடைவெளி சீராக இருக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. அதனால் வீவர் ரிங் பெரும்பாலும் பிக்காட்டினி ரயிலில் உட்கார்ந்துவிடும், பிக்காட்டினி ரிங்கின் குறுக்குக்கட்டை வீவர் பள்ளத்தில் இறங்காது. ரயிலின் பெரிய லாபம், ரிங்கை ஒரு பள்ளம் முன்னால், ஒரு பள்ளம் பின்னால் என்று நகர்த்திப் பார்க்க முடிவது. டிசம்பர் குளிரில் தடித்த கோட்டு போட்டால் தோளுக்கும் கண்ணுக்கும் உள்ள தூரமே மாறிவிடும். அப்போது அந்த ஒரு பள்ளம் கைகொடுக்கும். ஆனால் உயரம் கூடும், கன்னத்தைத் துப்பாக்கியின் கட்டையில் பதித்துப் பார்ப்பது சிரமமாகும்.

மூன்றாவது, முன்னும் பின்னும் தனித்தனி பேஸ், அதன்மேல் தனித்தனி ரிங். மடங்கும் துப்பாக்கிக்கு இதனால் தனி லாபம் எதுவும் இல்லை. மூட்டுகளும் ஸ்க்ரூக்களும் அதிகம், துளைகள் ஒரு கோட்டில் இல்லாவிட்டால் குழாயை முறுக்கிவிடும். போல்ட் வகை இன்லைனில் மட்டும் கதை வேறு. அங்கே மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரை வைக்கும் திறப்பு மேலே இருப்பதால், நீள ரயில் விரலை மறிக்கும். ரெமிங்டன் 700 அல்டிமேட் போன்றவற்றுக்கு இந்த வகைதான் வசதி. 700-இன் பேஸ்கள் எங்கும் கிடைக்கும் என்பது கூடுதல் நன்மை.

மடங்கும் வகையில் மறக்கக் கூடாதது, சுடும் முன் கட்டைவிரலால் பின்னுக்கு இழுக்கும் ஹாமர். ஸ்கோப்பின் பின்பகுதி ஹாமருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். தாழ்வான ரிங் போட்டால் கட்டைவிரல் நுழையாது, கையுறை போட்ட விரல் பாதியில் வழுக்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பக்கவாட்டில் நீளும் ஹாமர் எக்ஸ்டென்ஷன் என்ற சின்னக் கம்பியைக் கட்டாயம் மாட்டிக்கொள்ளுங்கள். அதை மாட்டிய பிறகே ரிங்கின் உயரத்தை முடிவு செய்யுங்கள். 40 மி.மீ. முன்கண்ணாடிக்கு நடுத்தர உயரம் பெரும்பாலும் போதும். பேரலில் உள்ள பின் குறிமுனையைக் கழற்ற வேண்டியும் வரலாம்.

எஃகா, அலுமினியமா என்றால், இந்த மருந்துக்கு நான் அலுமினியத்தின் பக்கம். கரிமருந்தும் அதற்கு மாற்றான பைரோடெக்ஸும் எரிந்து விடும் கசடு ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். தண்ணீர் ஊற்றிக் கழுவும்போது பேஸின் அடியில் ஈரம் புகுந்தால், வெளியே பளபளப்பாக இருக்கும் எஃகு பேஸின் கீழே துரு சத்தமில்லாமல் ஏறும். அலுமினியத்தில் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் ஸ்க்ரூவை மிதமிஞ்சி இறுக்கினால் அது நசுங்கும். ரிங் ஸ்க்ரூவுக்கு 15 முதல் 18 இஞ்ச்-பவுண்டு, பேஸ் ஸ்க்ரூவுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் அளவு. இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் கைக்கணக்கில் இறுக்க வேண்டாம். துளையில் உள்ள எண்ணெயைத் துடைத்துவிட்டு மரையைத் தளராமல் பிடிக்கும் பசையான நீல லாக்டைட் ஒரு சொட்டு போடுங்கள், சிவப்பு வேண்டாம்.

நெம்புகோலைத் திருப்பினால் கழன்றுவரும் ரிங்குகளும் உண்டு, வார்ன் நிறுவனத்தின் எஃகு ரிங்குகள் மாதிரி. கொலராடோவில் மஸில்லோடர் சீசனில் ஸ்கோப்புக்கு அனுமதி இல்லை, ஒஹாயோவில் உண்டு. ஒரே துப்பாக்கியோடு இரண்டு மாதிரி மாநிலங்களுக்கும் போகிறவருக்கு ரயிலும் இந்த ரிங்கும்தான் சரியான ஜோடி. ஸ்கோப்பை எடுத்துவிட்டு ரயிலின் பின்முனையில் சிறு துளை வழியே குறிபார்க்கும் பீப் சைட் மாட்டலாம். ஒரே மாநிலத்தில் வேட்டையாடுகிறவருக்கு இந்தச் செலவு வீண். அவருக்கு, ஸ்கோப்பின் குழாய் நீளம் ஒத்துவந்தால், முதல் வகையையே தயங்காமல் சொல்வேன்.

ஹாக்கன் மாதிரி பக்கவாட்டில் ஹாமர் உள்ள பழைய பாணித் துப்பாக்கிக்கு இவை எதுவும் ஆகாது. எட்டுப்பட்டை பேரலில் ஸ்கோப்புக்கான துளையும் பெரும்பாலும் இருக்காது. அதற்கு 19-ஆம் நூற்றாண்டு வழியே சிறந்தது. நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸில் வில்லியம் மால்கம் 1855-இல் தொடங்கிய நீளக்குழாய் ஸ்கோப்பின் மறுபதிப்புகள் இன்றும் விற்பனைக்கு வருகின்றன. குறிமுனைகளுக்காக ஏற்கெனவே வெட்டியிருக்கும் பள்ளங்களில் மாட்டும் மவுண்டைத் தேர்ந்தெடுத்தால் பேரலில் புதிதாக ஒரு துளைகூடப் போட வேண்டாம். பள்ளத்தின் அகலத்தைக் காலிப்பர் என்ற அளவுகருவி வைத்து அளந்துகொண்டு வாங்குங்கள்.