வாட்டில் காடு: மொத்தமாக வெட்டுவதா, சோலைக்கு விட்டுவைப்பதா?

கொடைக்கானல் மேல்மலையில் வனத்துறை நிலத்து வாட்டில் (ஆஸ்திரேலிய வேல இன மரம்) தோப்புகளை என்ன செய்யலாம் என்று பேச்சு வந்தபோது ஊர் இரண்டாகப் பிரிந்தது. முழுசாக வெட்டி மில்லுக்கு ஏற்றிவிடலாம் என்றது ஒரு பக்கம். பழைய தோப்புகளை அப்படியே விட்டுவிட்டு, புல்வெளிக்குள் இறங்கும் கன்றுகளை மட்டும் அகற்றலாம் என்றது இன்னொரு பக்கம். நான் இரண்டாவதற்குக் கை தூக்கினேன், கன்று பிடுங்கும் குழுவிலும் சேர்ந்தேன்.

வெட்டச் சொல்பவர்களின் நியாயம் லேசானதல்ல. வாட்டில் அயல்மரம், தோல் பதனிடவும் கூழாலைக்கும் என்று நட்டது. 1973க்கும் 2014க்கும் இடையில் கொடைக்கானல் அடங்கிய பழனிமலைத் தொடரின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு, மரத்தோப்புகளுக்கும் விவசாயத்துக்கும் பறிபோனதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டுகின்றன. வெட்டினால் கூலி வேலை உண்டு, விறகு உண்டு. சரி. ஆனால் 2013இல் சரணாலயமாக அறிவித்த பகுதிக்குள் வருமானக் கணக்கு எடுபடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 29ஆம் பிரிவுப்படி, அங்கே எடுக்கும் மரம் சுற்றுவட்ட மக்களின் சொந்தத் தேவைக்கு ஆகலாம், வியாபாரத்துக்கு ஆகாது.

என்னை முடிவெடுக்க வைத்தது வேறு: வெட்டிய பிறகு வரும் வருடங்கள். வாட்டில் விதையின் ஓடு கெட்டி. மண்ணுக்குள் 50 ஆண்டு வரைகூட உயிரோடு கிடக்கும், வெயிலும் சூடும் பட்டால் முளைக்கும். மொத்தமாக வெட்டும்போது அந்த வெயிலை நாமே இறக்கிவிடுகிறோம். விட்டுப்போன கொப்பும் தழையும் பங்குனியில் தீப்பிடித்தால் கேட்கவே வேண்டாம். ஐப்பசி மழை முடிந்து போய்ப் பார்த்தால், நெல் நாற்றங்கால் மாதிரி கால் வைக்க இடமில்லாமல் கன்று நிற்கிறது. விரல் நீளத்தில் இருக்கும்போது ஈர மண்ணில் இழுத்தால் வேரோடு வந்துவிடும். விட்டால் வளர்ந்துவிடும், அப்புறம் அரிவாள்தான். வெள்ளி வாட்டிலாக இருந்தால் வேரிலிருந்தும் பக்கக் கன்று கிளம்பும். வருடா வருடம் பிடுங்கியாக வேண்டும். டெண்டர் எடுத்தவருக்கோ கடைசி லோடு போனதும் வேலை முடிந்தது. அந்தச் சரிவுக்கு அடுத்த மழையில் யார் வருவார்கள்?

பழைய தோப்புக்குள் இந்தப் பாடு இல்லை. அந்த நிழலில் வாட்டில் கன்று தலையெடுக்காது, மலைமடிப்பில் இயற்கையாக வளரும் பசுமைக் காடான சோலையின் கன்றுக்கோ அந்த நிழல்தான் வேண்டும். பக்கத்துச் சோலையில் பழம் தின்ற சின்னான் குருவிகள் இங்கே வந்து எச்சமிடுகின்றன. குனிந்து பார்த்தால் சருகுக்கு மேலே முழங்கால் உயரத்தில், தடித்த இலையும் செந்தளிருமாகச் சோலை மரங்கள் கிளம்பியிருக்கின்றன. கொடைக்கானலை அடுத்த வட்டக்கானலில் பல ஆண்டுகள் சோலையைப் பேணிய பாப் ஸ்டூவர்ட்டும் தான்யா பால்கரும் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். மேலே இருக்கும் வாட்டிலைச் சாய்த்துத் தடிகளை இழுத்தால் முதலில் நசுங்குவது இந்தக் கன்றுகள்தான்.

இதை எல்லா இடத்துக்கும் நான் நீட்ட மாட்டேன். சோலையிலிருந்து தள்ளி, திறந்த புல்வெளியில் புதிதாகப் பரவும் இளம் வாட்டிலை எடுத்தே ஆக வேண்டும். அங்கே காத்திருந்தால் புல் போய்விடும். பைன், கற்பூர (யூகலிப்டஸ்) மரத் தோப்புகளில் நான் வேலை பார்த்ததில்லை, அதனால் அவற்றுக்கு இந்தத் தீர்ப்பைச் சொல்லவில்லை. புல்வெளியில் வெட்டும்போதும் நான் கேட்பது ஒன்றே: வெட்டுக் கூலியோடு சேர்த்து, பின்வரும் ஆண்டுகளின் கன்று பிடுங்கும் கூலியையும் முன்பே ஒதுக்கிவைத்துவிட்டு முதல் மரத்தில் கை வைக்கட்டும்.